மாலை ஐந்து மணிக்குச் சாத்தும் கதவு

மும்பை மாநகரின் தென்பகுதியில், கொலாபாவிலும் காலா கோடாவிலும் உள்ள ஓவியக் கூடங்கள் சில நாட்களில் தங்கள் புதுக் காட்சிகளை அந்திப் பொழுதில் திறந்து வைத்து, இரவு வரையில் கதவு சாத்தாதிருக்கின்றன. ஜனங்கள் ஒரு கூடத்தினின்று மற்றொரு கூடத்திற்குக் கால்நடையாகவே சென்று, சித்திரங்களைக் கண்டு, சித்திரக்காரருடன் அளவளாவி வருகின்றனர். ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் பொருட்காட்சி சாலைகளை நள்ளிரவு கடந்தும் திறந்து வைக்கும் வழக்கம் 1997-ம் ஆண்டில் தொடங்கிற்று. 2005-க்குப் பின் ஐரோப்பாவின் பல தேசங்களிலும் அது பரவி நிற்கிறது. இச்செய்திகளைப் படிக்குந்தோறும் நம் மனம் திருக்கோகர்ணத்தை நோக்கி ஓடுகிறது.

ஊரார் மியூஸியம் என்றே வழங்கும் நமது பொருட்காட்சி சாலை அங்கேதான் இருக்கிறது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சியில், 1910-ம் ஆண்டில், அது நிறுவப் பெற்றது. 1948 மார்ச்சு 3-ந் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்த பின்னர் அரண்மனைக்குரியதாயிருந்த அச்செல்வம் ஜனங்களின் சொத்தாயிற்று. சொத்தாயிற்று என்று எளிதில் எழுதிவிட்டோம். ஆனால், சொத்துக்குடையவன் அதனை எப்பொழுது காண்கிறான்? காலை 9.30 மணிக்குத் திறந்த கதவு மாலை 5 மணிக்குச் சாத்தப்படுகிறது. பட்டா ஒருவன் பெயரிலும் அனுபோகம் வேறொருவன் கையிலும் இருந்தால் அது வழக்கில்தான் முடியும் என்பதை நியாயஸ்தலத்தில் நாள்தோறும் காண்கிறோம். இங்கோ வழக்குத் தொடுக்கவும் வாதியில்லை. தனக்குச் சொத்துண்டென்பதே வாதிக்குத் தெரியாது!

குடுமியான்மலையில் இசையிலக்கணத்தைக் கல்லில் வெட்டியவன் யார்? நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரத்தை எழுப்பியவன் யார்? உளி பிடித்த தொழிலாளியே யன்றோ? இன்று அவன் வழிவந்தோன் இதே ஜில்லாவின் கல் குவாரிகளில் பாறை பிளந்து நிற்கிறான். அவன் உளியைக் கீழே வைக்கும் வேளையில் காவலாளி பூட்டைக் கையில் எடுக்கிறான். கடைச் சிப்பந்தி, பஸ் கண்டக்டர், நடவுக்குச் சென்று திரும்பும் பெண் ஆகிய யாவருக்கும் அக்கதவு சாத்திய கதவே. உத்தியோகஸ்தரும் வெளியூர் யாத்திரிகரும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டுமே காண்பதற்குரியதா நம் முன்னோரின் கைவண்ணம்?

இராக்காலத்தில் கலை காண்பது மேல்நாட்டுப் பழக்கம், அது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு வழக்கத்தை அறியாதார் கேள்வி இது. சுவாமி புறப்பாட்டின் முன்னே நள்ளிரவு வரை நின்று நாகசுரம் கேட்டவர் நம்மவரல்லரோ? வள்ளி திருமண நாடகத்தை விடியும் வரை கண் விழித்துப் பார்த்துவிட்டு, முகம் கழுவிக் கொண்டு வயலுக்குப் போகும் குடியானவன் நம் ஜில்லாக்காரனல்லனோ? உழைப்போருக்குப் பகல் சொந்தமன்று. ஆகையால் நம் முன்னோர் கலையை இரவில் வைத்தார்கள். கலையை அலுவலக நேரத்திற்குள் அடைத்தது பிற்காலத்து ஏற்பாடு. மேல்நாட்டார் இப்பொழுதுதான் விழித்துக்கொண்டிருக்கின்றனர். நாமோ விழித்திருந்து பின் உறங்கிவிட்டோம். நகரத்துச் செல்வர் கூடங்களில் மதுக் கிண்ணம் உலாவுவதாகச் சொல்லுகிறார்கள். நமக்கு அது வேண்டா. சுக்குக் காப்பி போதும்.

காவலும் செலவும் என்னாவது என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. இது நியாயமானது. விக்கிரகத் திருட்டினால் தமிழ்நாடு பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஆயினும், 2019-ம் ஆண்டில் மத்திய தொல்பொருள் இலாகா ஹுமாயூன் சமாதி உள்ளிட்ட பத்துச் சின்னங்களை இரவு 9 மணி வரை திறந்து வைக்க ஏற்பாடு செய்ததே. டில்லியில் கூடுமானது திருக்கோகர்ணத்தில் கூடாதோ? தினந்தோறும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், பௌர்ணமியன்று, இரவு 9 மணி வரை, கட்டணமின்றித் திறக்கட்டும் என்கிறோம். அன்று கூடுதலாக உழைக்கும் சிப்பந்திகளுக்குக் கூடுதல் ஊதியம் தருதல் அவசியம். அவர்களை வருத்தி நாம் கலை காண வேண்டுவதில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லுவோம். இவ்வுற்சாகத்தில் சித்தன்னவாசல் குகைக்கு இரவில் கூட்டம் கூட்டமாகச் சென்று விளக்குப் பிடிக்க எவரும் நினைத்தல் ஆகாது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததைச் சாஸனம் கூறுகிறது. அங்குள்ள தாமரைப் பொய்கையும், மீனும் அன்னமும் யானையும், மலர் கொய்வோரும் பல நூற்றாண்டுகள் பேணுவாரின்றிக் கிடந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. எஞ்சிய வர்ணம் மூச்சுக் காற்றுக்கும் கடும் ஒளிக்கும் தாங்காது. ஆதலின் அச்சித்திரங்களின் பிரதிகளைப் பௌர்ணமி இரவுகளில் பொருட்காட்சி சாலையில் வைத்து, நம் ஜில்லாவின் இளம் ஓவியர் வரைந்த புதுச் சித்திரங்களையும் பக்கத்தில் மாட்டலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் வரைந்த கையும் நேற்று வரைந்த கையும் ஒரே சுவரில் சந்திக்கட்டும்.

சர்க்கார் தானாக இதனைச் செய்யுமென்று காத்திருத்தல் வீண். மன்னர் கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக நின்று, வருவோர்க்கு விளக்கம் சொல்ல முன்வரலாம். கிராமத்தார் திரும்பிச் செல்ல அன்று இரவு பஸ் விடும்படி கேட்க வேண்டும். பஸ் இல்லாவிடில் இத்திட்டம் நகரத்தாரோடு நின்றுவிடும். தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள், ஊர்தோறும் கையொப்பம் வாங்கிச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுப்பார்களாக. ராஜாவின் சொத்து ஜனங்களின் சொத்தாகி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பட்டா நம்மிடம் இருக்கிறது. அனுபோகத்தைக் கேட்டுப் பெறுவோம்.