கிளம்புமுன் இரண்டே நிமிடம்

நியூசிலாந்தில் முதன்முறையாக மோட்டார்ஹோம் எடுத்தோம். நம்மூரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெனாவட்டு. முதல் வளைவிலேயே, பூட்டாத அலமாரி திறந்து, சம்பல் போத்தல் அம்மாவின் காலடியில் விழுந்து உடைந்தது. தலையில் விழுந்திருந்தால்?

அன்றிலிருந்து, நிகழ்ச்சிக்கு முன் மைக்கைச் சோதிப்பதுபோல, வண்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அலமாரி, கேஸ், கூரைச் சன்னல், கரண்ட் வயர் நான்கையும் பாருங்கள். வண்டியின் உயரத்தை எழ்தி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். கழிவுத் தொட்டியை அதற்கான இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். அங்கே ஒற்றைத்தடப் பாலங்கள் அதிகம். பலகையில் உங்கள் திசை அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிடுங்கள்.

இப்போதெல்லாம் சீட்பெல்ட் போட்டதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி: “அலமாரியப் பூட்டிட்டியா, தம்பி?”