தோப்பை விட்டு மரத்தை அளப்போர்

நல்ல பள்ளி எது என்று கேட்டால், நல்ல ஆசிரியர்கள் உள்ள பள்ளி என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். ஆகவே ஒவ்வோர் ஆசிரியரையும் தனித்தனியே எடைபோட்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியவருக்குப் பொற்காசும், காட்டாதவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் கொடுத்தால் பள்ளி உயர்ந்துவிடும் என்று நிர்வாகங்கள் நம்புகின்றன. இந்நம்பிக்கை பிழையானது. பிழை என்று காட்டும் ஆய்வுகளும் வெகுநாளாக நம் முன்னே கிடக்கின்றன.

மக்களிடையே நிலவும் உறவும் நம்பிக்கையும் ஒரு செல்வமே எனக் கண்டோர் அதனைச் 'சமூக மூலதனம்' என்றனர். (மனித உறவுக்கு வட்டிக்கடைச் சொல்லா என்று நமக்கும் நெருடுகிறது, பெயர் கிடக்கட்டும்.) 1988இல் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலார் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டார். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே படிப்பைக் கைவிட்டோர் அரசுப் பள்ளிகளில் 14.4 விழுக்காடு, கத்தோலிக்கப் பள்ளிகளில் 3.4 மட்டுமே. இவ்வெண்ணைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்வது எளிது. ஆனால் கோல்மன் சுட்டியது நம் கட்டடங்களையோ கண்டிப்பையோ அன்று; பெற்றோரும் மூத்தோரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த சமூகத்தையே. ஆசிரியர் அறைக்குள் நிகழ்வதை அக்கட்டுரை அதிகம் பேசவில்லை.

அந்த அறைக்குள் நுழைந்தவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கேரி லியானா. 2005 முதல் 2007 வரை நியூயார்க் நகரின் 130 தொடக்கப் பள்ளிகளில், நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் கணிதம் கற்பித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அவரது குழு ஆராய்ந்தது. பாடத்தில் ஐயம் எழுந்தால் யாரை நாடுகிறீர்கள் என்று வினவப்பட்டது. தலைமையாசிரியரை நாடுவதினும் நான்கு மடங்கு, உடன் பணியாற்றுவோரையே அவர்கள் நாடினர். இதில் வியப்பென்ன? மதிப்பெண் போடுபவரிடம் போய் எவர் தம் அறியாமையை விரித்துக் காட்டுவார்? ஆசிரியர்கள் தமக்குள் கணிதத்தைப் பற்றி அடிக்கடி உரையாடி, ஒருவரையொருவர் நம்பிய இடங்களில் மாணவரின் தேர்ச்சி கூடியது. திறமை குறைந்த ஆசிரியரும் அத்தகைய உறவுகளின் துணையோடு, நடுத்தரத் திறமையுடையவருக்கு நிகராகக் கற்பித்தார் என்பதே நாம் திரும்பத் திரும்ப எண்ணவேண்டிய செய்தி.

அதே நியூயார்க் நகரம் செய்ததைக் கேளுங்கள். 2012 பிப்ரவரியில், ஏறத்தாழ 18,000 ஆசிரியர்களின் தரவரிசையைப் பெயரோடு வெளியிட்டது, நாளேடுகள் அச்சிட்டன. நூறு படிகள் கொண்ட அவ்வரிசையில் ஒரு கணித ஆசிரியரின் இடம் சராசரியாக 35 படிகளின் அகலத்துக்குள் எங்கும் இருக்கலாம். ஆங்கில ஆசிரியருக்கோ அவ்வகலம் 53 படிகள்! இத்தகைய அளவுகோலைக் கொண்டு மனிதரைத் தெருவில் நிறுத்திய பின், யார் யாரிடம் போய் ஐயம் கேட்பார்?

உறவு என்று நாம் சொல்வதைக் கூடிக் களிப்பது என்று கொள்ளவேண்டாம். ஒரே சாதியார், ஒரே ஊரார் என ஆசிரியர் அறையின் மேசைகள் பிரிந்து கிடப்பதும் ஒருவகை நெருக்கமே. உறவுச் செல்வம் உள்ளிருப்போரை உயர்த்தி வெளியிலிருப்போரை விலக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூர்தியூ உணர்ந்திருந்தார். நியூயார்க்கில் பயன் தந்த உறவு பாடத்தைச் சுற்றி வளர்ந்தது. வெறும் தேநீர் நட்பு அதற்கு ஈடாகாது.

பாடத்தைப் பற்றிப் பேச நேரம் வேண்டும். நம் பள்ளிகளிலோ ஓய்வுப் பாடவேளை என்பது, விடுப்பில் போனவரின் வகுப்பைக் காக்கும் வேளை. ஒரே பாடம் கற்பிக்கும் இருவருக்கு வாரத்தில் ஒருமுறையேனும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கிறதா? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே கேட்டுப் பழகிய நாம், அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையையும் கொண்டுவந்து காட்டச் சொல்வோம்.