ரயில் பார்க்க ஒரு பத்தடி இடம் கிடையாதா?

தி. நகர்ல பட்டுப்புடவை பார்க்கலாம், நகை பார்க்கலாம், பாத்திரம் பார்க்கலாம். நாலு கடை ஏறி இறங்கி ஒண்ணும் வாங்காம வந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. ரயில் பார்க்கணும்னா மட்டும் நிக்க இடம் கிடையாது!

அக்கா பையன் லீவுக்குப் போடியிலேருந்து வந்திருந்தான். ஒன்பது வயசு. பீச் வேண்டாம், மால் வேண்டாம், "மாமா, ரயில் பார்க்கப் போலாம்"னான். அவன் ஏக்கம் எனக்குப் புரியுது. அகலப்பாதை போடறோம்னு 2010 கடைசியில நிறுத்தின ரயில், போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூன்லதான். அங்க இன்னிக்கும் விரல்விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் வண்டி.

இங்க தி. நகர்ல நமக்கு மாம்பலம் ஸ்டேஷன் இருக்கு. எழும்பூர்ல கிளம்பித் தெற்கே போற வண்டி அத்தனைக்கும் இதுதான் வழி. வைகை, பாண்டியன், நெல்லை, வந்தே பாரத், நடுநடுவே தாம்பரம் லோக்கல், செங்கல்பட்டு லோக்கல். 1931லேயே கரண்ட் ரயில் ஓடின பாதை சார் இது! ரயில் பைத்தியம் பிடிச்ச பிள்ளைக்கு வேற என்ன வேணும்?

சரி, எங்க நின்னு பார்க்கிறது? சொல்லுங்க. தண்டவாளத்தை ஒட்டின தெருவுல மதில். மதில் வேணும், குறுக்கே கடந்து எத்தனை உயிர் போயிருக்கு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கோடம்பாக்கம் மேம்பாலத்துல வண்டியை ஓரங்கட்ட முடியுமா? பின்னாடி வர்ற பஸ் ஹாரன் அடிச்சே விரட்டிடும். ஸ்டேஷன் படிக்கட்டுப் பாலத்துல சாயங்காலம் ஒரு நிமிஷம் நின்னா, பை தூக்கிட்டு வர்ற கூட்டம் நம்மைத் தள்ளிக்கிட்டே போயிடும்.

பிளாட்ஃபாரத்துக்கே போவோமா? லோக்கல் டிக்கெட் குறைஞ்சது 5 ரூபாய். பிளாட்ஃபாரம் டிக்கெட் 10 ரூபாய். ஏறிப் போறவனைவிட ஏறாம நிக்கிறவனுக்கு ரெண்டு மடங்கு! அதையும் கொடுத்துட்டு, சிட்டியில ஒரு ஸ்டேஷன்ல, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம கோடியில போய் நின்னோம். இன்ஜின்ல எழுதியிருக்கிற ஷெட் பேரைப் படிச்சுட்டு "மாமா, ராயபுரம்!"னு குதிக்கிறான் பையன். போனைத் தூக்கினான், அவ்வளவுதான். யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் வந்துட்டார்.

"யாரை ஏத்திவிட வந்தீங்க?"

"யாரையும் இல்லீங்க. பையன் ரயில் பார்க்கணும்னான்."

"ரயில்ல பார்க்க என்ன இருக்கு? படமெல்லாம் எடுக்கக் கூடாது. கிளம்புங்க."

வர்ற வழியெல்லாம் "நாம என்ன தப்பு பண்ணோம் மாமா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். என்னன்னு பதில் சொல்வேன்?

ரயில்ல பார்க்க என்ன இருக்கா? தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல கிளம்பினதே இந்த ஊர் ராயபுரத்துலேருந்து. 1955லேருந்து ஐ.சி.எஃப்.ல நாட்டுக்கே ரயில் பெட்டி செஞ்சு அனுப்பற ஊர் இது. இங்க ரயிலை நின்னு ரசிக்கிறவன் சந்தேகப்பட வேண்டிய ஆளா? ஐ.சி.எஃப். பக்கத்துல ரயில் மியூசியம் இருக்கு, போய்ப் பாருங்க, நல்லா இருக்கும். ஆனா அங்க நிக்கிறது ஓடி ஓய்ஞ்ச வண்டிங்க. பிள்ளைக்கு வேண்டியது, தூரத்துல ஹாரன் கேட்டு, காலடி அதிர்ந்து, கண்ணு முன்னால தடதடன்னு போற வண்டி!

டோக்கியோவுல நிப்போரி ஸ்டேஷன் பக்கத்துல, 14 தண்டவாளத்துக்கு மேல ஒரு பாலம். அதுல ரயில் பார்க்கிறதுக்குன்னே பால்கனி மாதிரி வெளியே நீட்டி ஒரு இடம் விட்டிருக்காங்க. அங்க ஜனநெரிசல் இல்லையா?

நம்மகிட்டதான் காசு இல்லையா? மாம்பலம் ஸ்டேஷனையும் தி. நகர் பஸ் ஸ்டாண்டையும் சேர்த்து 2023 மே மாசம் நடைமேம்பாலம் திறந்தாங்க. 570 மீட்டர் நீளம், 28 கோடி ரூபாய்க்கு மேல செலவு. கூட்டத்துல நசுங்காம நடக்க முடியுது, மனசார வரவேற்கிறேன். ஸ்டேஷன் வரைக்கும் வர்ற பாலத்துல, ரயிலைப் பார்த்த மாதிரி ரெண்டு பெஞ்சு, பிள்ளைங்க எட்டிப் பார்க்க ஒரு கம்பிவலை. இது ஏன் ஒருத்தருக்கும் தோணலை? இந்தப் பேட்டையில எதைக் கட்டினாலும் கடைக்கு வர்றவங்களை மனசுல வச்சுத்தான் கட்டறாங்க. சும்மா நின்னு சந்தோஷப்படறவன் யார் கணக்குலயும் இல்லை. எனக்கு ஆறவே மாட்டேங்கிறது அதுதான்.

ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பாலத்துக்குப் பிளான் போடும்போது தண்டவாளத்தைப் பார்த்து ஒரு பத்தடி ஒதுக்குங்க. போர்டுகூட வேண்டாம். அங்க நிக்கிற பிள்ளையை "ஏன் நிக்கிறே"ன்னு யாரும் கேட்காம இருந்தா போதும்.