ஹாட் பிளேட்டைத் துடைப்பது யார் வேலை?

ஹைதராபாத்தில் நான் பார்த்த லேப்களில் எல்லாம் ஒரே வழக்கம்தான். சிந்துவது கெமிஸ்ட், துடைப்பது கான்ட்ராக்ட் ஹெல்பர். சிந்தியது ஆசிடா, வேறெதுவா என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. கையில் ஒரு துணியும் அசிட்டோன் பாட்டிலும், அவ்வளவுதான்.

அசிட்டோன் ஆவி மைனஸ் 17 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும். பழைய ஹாட் பிளேட்டின் தெர்மோஸ்டாட்டில் ஒரு சின்னப் பொறி போதும். ஹீட்டிங் மேண்டில் இன்னும் மோசம். கம்பி கண்ணாடி இழைத் துணிக்குள் ஓடுகிறது, அது நனைந்திருந்தால் ஷாக்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்கணும். அதையும் சிந்தினவரே செய்யட்டும். முடியலையா, என்ன சிந்தியது என்று ஒரு சீட்டெழுதி ஒட்டுங்க சாமி! அவர் கையை விடவா உங்க அஞ்சு நிமிஷம் பெரிசு?