சாமானை மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? இருந்தால் இந்தத் தொல்லை உங்களுக்கும் பழக்கமாக இருக்கலாம். காலையில் கார் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும். சாலையில் இறங்கி, எண்ணெய் மிதியைச் சற்றே அழுத்தி வேகம் கூட்டும்போது மட்டும் திணறும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் ஓரிரு விநாடி தயங்கும். பிறகு எதுவுமே நடவாததுபோல் பாய்ந்து ஓடும்.

எங்கள் காருக்கு 20 வயது ஆனபோது இதே கோளாறு வந்தது. தாப்பாவில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்குள் நுழைகிறேன். பின்னால் ஒரு லாரி வேகமாக வருகிறது. அந்த நேரம் பார்த்து கார் திணறியது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் தப்பினோம். திணறல் என்பது வெறும் எரிச்சல் இல்லை, உயிருக்கே ஆபத்து என்பது அன்று புரிந்தது.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். “பிளக்கும் ஃபில்டரும் மாத்திடுவோம், அண்ணே” என்றார்கள். மாற்றினார்கள், திணறல் போகவில்லை. அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. 600 ரிங்கிட்டுக்கு மேல் செலவானது. காரணம் மட்டும் தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: கோளாறைக் கண்டுபிடிப்பது ஓர் அறிவியல் சோதனை. ஊகத்தின் பேரில் சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது சோதனை ஆகாது. அது குலுக்கல் சீட்டு. நீங்கள் பள்ளியில் படிக்கும் உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் எல்லாம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடக் கூடாது. காரின் முன்மூடியைத் திறக்கும்போதுதான் அவற்றுக்கு உண்மையான வேலை.

எப்படி என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று தேவைகள்: சரியான அளவு காற்று, சரியான அளவு பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதம் கெட்டாலும், தீப்பொறி தவறினாலும் எஞ்சின் திணறும். அப்படியானால் காரணங்கள் பத்துக்கு மேல் இருக்கலாமே, எதிலிருந்து தொடங்குவது?

இங்கேதான் உற்றறிதல் உதவுகிறது. “கார் இழுக்கவில்லை” என்று சொன்னால் போதாது. எப்போது இழுக்கவில்லை, எப்போது நன்றாக இழுக்கிறது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். எங்கள் கார் நின்ற இடத்தில் சீராக ஓடியது. மிதியைப் பாதி வரை அழுத்தும்போது திணறியது. முழுவதும் அழுத்தினால் நன்றாகப் பாய்ந்தது. இந்த மூன்று வரிகளை வைத்தே பல சந்தேகங்களைப் பின்னுக்குத் தள்ளலாம்.

முதலில் பெட்ரோல் ஃபில்டர். அது அடைத்திருந்தால், பெட்ரோல் அதிகமாகத் தேவைப்படும்போதுதான் தட்டுப்பாடு வரும். மிதியை முழுவதும் அழுத்தும்போது திணறல் கூட வேண்டும். எங்கள் காரிலோ அப்போதுதான் திணறல் மறைந்தது! பம்ப்புக்கும் இதே கதைதான். இதை முதலிலேயே யோசித்திருந்தால் அந்த இரண்டையும் மாற்றும் முன் நிதானித்திருப்போம்.

அடுத்து பிளக். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியில் பொறி பறக்க அதிக மின்னழுத்தம் தேவை. எனவே தேய்ந்த பிளக் பெரும்பாலும் மேட்டில் ஏறும்போதும், மிதியை நன்றாக அழுத்தும்போதும்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, எஞ்சினுக்குள் திருட்டுத்தனமாகக் காற்று நுழையும் வெடித்த ரப்பர் குழாய். எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது உள்ளே போகும் காற்று மிகக் குறைவு; உறிஞ்சும் விசையோ மிக அதிகம். அதனால் அப்போதுதான் அந்தக் கசிவின் பாதிப்பு பெரிதாகத் தெரியும், எஞ்சின் ஆடும். எங்கள் கார் ஆடவில்லை.

இவையெல்லாம் தீர்ப்பு அல்ல. எதை முதலில் சோதிப்பது என்ற வரிசையை மட்டுமே இவை தருகின்றன. ஆனால் அந்த வரிசைதான் பணத்தைக் காப்பாற்றுகிறது.

பிறகு ஒரு சிறிய சோதனை செய்தோம். திணறல் எஞ்சினின் சுழற்சி வேகத்தோடு வருகிறதா, மிதியின் நிலையோடு வருகிறதா? ஆளில்லாத நேரான சாலையில், ஒரே மிதி நிலையில், கியரை மட்டும் மாற்றி ஓட்டினேன். பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகள் குறிப்பெடுத்தாள். இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் சுழற்சி வேகம் வேறு வேறாக இருந்தது. மிதியின் நிலையோ ஒன்றேதான். ஒரு மாறியை மாற்று, மற்றதை மாற்றாதே என்று ஆசிரியர் சொல்வது இதைத்தான்.

அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். வயதான மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, முள் வைத்த பழைய மல்டிமீட்டரை எடுத்தார். மிதி எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காரின் கணினிக்குச் சொல்லும் திராட்டல் சென்சாரில் அதை இணைத்தார். எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு, திராட்டலைக் கையால் மெதுவாகத் திறந்தார். முள் சீராக ஏறியது. ஓர் இடத்தில் சட்டென்று விழுந்தது. பிறகு மீண்டும் ஏறியது. பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது.

அந்தச் சென்சார் உங்கள் அறிவியல் கூடத்தில் உள்ள மாறும் மின்தடையின் உறவினர்தான். ஒரு தடைப் பட்டையின் மேல் ஒரு தொடுமுனை நகர்கிறது. பொதுவாக 5 வோல்ட் கொடுத்தால், மூடிய நிலையில் அரை வோல்ட் அளவிலும், முழுவதும் திறந்தால் நாலரை வோல்ட் அளவிலும் திரும்பக் கிடைக்கும். 20 ஆண்டுகளாக ஓட்டுநரின் கால் பெரும்பாலும் எங்கே நிற்கிறது? பாதிக்கும் குறைவான மிதியில். பட்டை தேய்ந்ததும் அங்கேதான். முள் விழுந்த கணத்தில் கணினி, ‘ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார்’ என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கிறது. அதுதான் திணறல். முழுவதும் அழுத்தும்போது தொடுமுனை தேயாத பகுதிக்குப் போய்விடுகிறது.

“எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே?” என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சிறிது நேரமே நீடிக்கும் சரிவைக் கணினி பதிவு செய்யாமல் விட்டுவிடக்கூடும். விளக்கு எரிந்தாலும் கணினி தரும் குறியீடு குற்றவாளியின் பெயர் அல்ல. எடுத்துக்காட்டாக, பி0171 என்ற குறியீடு, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்றுதான் சொல்கிறது. காற்றுக் கசிவா, பம்ப்பா, அழுக்கேறிய சென்சாரா என்று அது சொல்லாது. அதை நாம்தான் சோதித்து அறிய வேண்டும்.

முதல் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சோதிக்கும் நேரத்துக்கு நாம் காசு கொடுப்பதில்லை. “ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?” என்று பேரம் பேசுகிறோம். மாற்றிய சாமானுக்கு மட்டும் கூலி கிடைத்தால், மெக்கானிக் சாமானைத்தான் மாற்றுவார். மருத்துவரின் ஆலோசனைக்குக் கட்டணம் தருகிறோம். மெக்கானிக்கின் மூளைக்கும் தருவோமே. நான் அந்தப் பெரியவருக்குச் சென்சார் விலையோடு சோதித்ததற்கும் சேர்த்துக் கொடுத்தேன். அதுதான் நான் கொடுத்ததிலேயே பயனுள்ள பணம்.

உங்கள் வேலை என்ன? காரை ஓட்டுவதோ, சூடான எஞ்சினுக்குள் கை விடுவதோ, பெட்ரோல் குழாயைக் கழற்றுவதோ அல்ல. பக்கத்து இருக்கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? மேடா, சமதளமா? ஏர்கோன் ஓடியதா? மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது? எழுதுங்கள். பட்டறையில் யாராவது “இதை மாத்திடலாம்” என்று சொன்னால், அப்பாவோ அம்மாவோ கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்: “அதுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மீட்டரை எடுத்துக் காட்டுவார்.