பூக்க மறுத்த ஆப்பிள் மரம்



கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் வசிக்கும் முதியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்ற ஆண்டு மே மாதத்தில் போயிருந்தேன். பல ஆண்டுகள் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட நாள்வரை பணியில் இருந்தவர். பாறைத் தூசியினால் நுரையீரல் பழுதுபட்டு, பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும் நிலையில் இருக்கிறார். அவர் அன்று மாலை தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து, வாசலில் நின்ற ஒரு சிறு மரத்துக்கு ஊற்றினார்.

"இது என்ன மரம், ஐயா?" என்று கேட்டேன்.

"கிராப் ஆப்பிள், பாஸ்டர். இராணுவத்திலிருக்கும் என் மகன் இமாசலப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்தான். ஆறு வருஷமாகிறது, ஒரு பூகூட வைக்கவில்லை. சயனைடு கலந்த மண் என்கிறார்கள். என் கைராசி சரியில்லை என்று வீட்டில் சொல்லுகிறார்கள்" என்றார்.

அவர் குரலிலிருந்த வேதனை என்னை விட்டு நீங்கவில்லை. தோட்டக்கலை அறிந்தவர்களிடம் விசாரித்தும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் வெளியூர்களில் வாழும் நம்முடைய பிள்ளைகள் பலர், தாங்கள் கண்டு மகிழ்ந்த மரங்களைப் பெற்றோருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

குளிரைக் கணக்கிடும் மரம்

கிராப் ஆப்பிள் என்பது ஆப்பிளின் நெருங்கிய உறவு. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான சிறு கனிகளைத் தரும். சீனா, ஜப்பான், சைபீரியா போன்ற குளிர்நாடுகளில் தோன்றியது. வசந்தகாலத்தில் மரம் முழுவதும் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பதால் அழகுக்காக வளர்க்கிறார்கள். இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களிலோ அதற்கு வேறொரு பயனும் உண்டு. ஆப்பிளில் பெரும்பாலான வகைகளுக்கு வேறு வகையின் மகரந்தம் தேவை. அதற்காகவே வரிசைகளின் நடுவே கிராப் ஆப்பிளை நடுகிறார்கள்.

இந்த மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் அதன் மொட்டுகளுக்கு, ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர், வகைக்கேற்றபடி பல நூறு மணி நேரம் கிடைக்கவேண்டும். அப்பொழுதுதான் உறக்கம் முழுமையாகக் கலையும். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் மூடியே இருக்கும்; கிளை நுனிகளில் மட்டும் சில இலைகள் காலந்தவறித் துளிர்க்கும்; பூ வராது. தங்கவயல் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஜனவரி விடியற்காலையிலும் இங்கே குளிர் பெரும்பாலும் 15 பாகையளவில் நின்றுவிடுகிறது. ஆகவே குற்றம் முதியவருடைய கையிலும் இல்லை, உரத்திலும் இல்லை. அந்த மரம் எதிர்பார்க்கும் குளிர்காலம் நம்முடைய ஊரில் வருவதே இல்லை.

குறைந்த குளிரில் காய்க்கும் ஆப்பிள்களும் உண்டு. கொடைக்கானலில் வளரும் 'பார்லின்ஸ் பியூட்டி', இஸ்ரவேல் நாட்டில் உருவாக்கப்பட்ட 'அன்னா', இமாசலத்து விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த 'எச்.ஆர்.எம்.என்.-99' ஆகியவை அப்படிப்பட்டவை. அவர் 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் இவை கனிக்காக வளர்க்கப்படும் ஆப்பிள்கள். மலைநாட்டுக் கிராப் ஆப்பிளின் இடத்தை இவை நிரப்பமாட்டா.

நம்முடைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்களும் இந்த நிலவேறுபாட்டை எண்ணியிருப்பார்கள்போலும். உன்னதப்பாட்டில் ஆங்கில வேதாகமம் ஆப்பிள் மரம் என்று சொல்லுமிடத்தில், நாம் வாசிக்கும் தமிழ் வேதாகமம் கிச்சிலிமரம் என்றே சொல்லுகிறது. தமிழ் வாசகன் அறிந்த ஒரு மரத்தை அங்கே வைத்தார்கள். நாமும் நம்முடைய வாசலில் அவ்விதமே செய்யலாம்.

நம் மண்ணுக்கேற்ற ஆப்பிள் பூ

சரக்கொன்றையின் இனத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஒரு கொன்றை உண்டு. ஜாவாத் தீவின் பெயரால் அழைக்கப்படும் இதற்கு, ஆங்கிலத்தில் 'ஆப்பிள் பிளாசம்' மரம் என்றே ஒரு பெயர் வழங்குகிறது. கோடையில், புதுத்தளிரோடு கிளை முழுவதும் பூக்கும். பூக்கள் முதலில் அடர்நிறமாயிருந்து, நாளாக நாளாக வெளுக்கும். இதற்குக் குளிர் தேவையில்லை. வெயிலும் நீர் தேங்காத மண்ணுமே தேவை. பெங்களூரில் நீங்கள் இதைப் பார்த்திருக்கக்கூடும்.

இதை வளர்க்க விரும்புகிறவர்கள் கவனிக்கவேண்டியவை:

1. மண்: சயனைடு மேட்டு மணலை ஒருபோதும் குழியிலோ தொட்டியிலோ இடாதீர்கள். அது பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட பாறைத்தூள். அதில் சத்து இல்லை, வேதிப்பொருள்களின் மிச்சம் உண்டு, அள்ளும்போது எழும் தூசி மார்புக்கும் கேடு. இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி தோண்டி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள்.

2. விதை: மேல்தோல் மிகக் கடினமானது. ஓரத்தில் சற்றே தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் எளிதில் முளைக்கும். விதையிலிருந்து வளர்ப்பவர்கள் பூவுக்குச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும்.

3. இடம்: இது பெரிய மரமாகும். சுவருக்கும் மின்கம்பிக்கும் பதினைந்து, இருபது அடி விலக்கி நடுங்கள். லைன் வீடுகளில் அவ்வளவு இடமில்லாதவர்களுக்குக் குட்டையாக வளரும் வெள்ளை மந்தாரை போதும்.

4. நீர்: நம்முடைய வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஜூன் முதல் நவம்பருக்குள் பெய்துவிடும். ஆகவே ஜூன், ஜூலையில் நடுவது நலம். முதல் இரண்டு கோடைகளில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு குடம் நீர் ஊற்றி, அடியில் காய்ந்த சருகைப் பரப்புங்கள். அதன்பின் மரம் பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

5. காவல்: ஆடுகள் கடிக்காதபடி முள்வேலி இடுங்கள். சில சமயம் பச்சைப் புழுக்கள் இலைகளைத் தின்னும். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். மரம் மீண்டும் துளிர்க்கும். மருந்து தெளிக்க அவசரப்படாதீர்கள்.

6. கத்தரித்தல்: பூ முடிந்தபின் காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் மட்டும் நீக்குங்கள்.

வெளிநாடுகளில் குளிர்ப்பிரதேசங்களில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தாராளமாகக் கிராப் ஆப்பிளை வளர்க்கலாம். குளிர்காலத்தின் கடைசியில், மொட்டு விரியுமுன் கத்தரியுங்கள். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கன்றுகளை உடனே அகற்றுங்கள். இல்லாவிட்டால் அவை மேல்மரத்தை மேற்கொண்டுவிடும். ஆனால் ஊருக்கு வரும்போது கன்றையோ விதையையோ பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, உரிய அனுமதியும் நோயற்ற சான்றும் இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடாது.

இவற்றையெல்லாம் நான் அந்த முதியவரிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் என் கையில் குற்றமில்லையா, பாஸ்டர்?"

"இல்லை, ஐயா. நீங்கள் வார்த்த தண்ணீரினால்தான் அது இத்தனை வருஷம் உயிரோடு நிற்கிறது."

ஜூன் மாதத்தில் விடுமுறைக்கு வந்த மகனே குழி தோண்டிக் கொன்றைக் கன்றை நட்டான். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையன் ஏற்றுக்கொண்டான். கிராப் ஆப்பிளை அவர் வெட்டவில்லை. "அது நிற்கிறவரைக்கும் நிற்கட்டும்; மகன் சுமந்து கொண்டுவந்தது" என்றார். கொன்றை இப்பொழுது அவருடைய தோளுயரம் வளர்ந்திருக்கிறது.

தங்கவயலை விட்டுப் பட்டணங்களுக்குச் சென்றிருக்கும் அருமையான பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் பெற்றோருக்கு ஒரு மரம் கொண்டுவர விரும்பினால், இந்த மண்ணில் பூக்கும் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குழியை நீங்களே தோண்டுங்கள். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் சுமப்பது யார் என்பதையும் தீர்மானித்துவிட்டுப் புறப்படுங்கள்.