ஊவா ருசியும் அரைப்பேரும்

போன ஆகஸ்ட் லீவு முடிந்து கம்பஸுக்குத் திரும்பும்போது, லுணுகலை டவுனில் சீசன் தேயிலை கால் கிலோ வாங்கிக்கொண்டு போனேன். ஹொஸ்டலில் ஊற்றிக் கொடுத்தால் யாழ்ப்பாணத் தோழி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, நோவெண்ணெய் கலந்த மாதிரி மணக்குது?" பக்கத்து அறை அக்கா அதையே குடித்துவிட்டு, "சூப்பரா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

இரண்டு பேர் நாக்கிலும் பிழையில்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காய்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும். மட்டக்களப்பில் இதைக் கச்சான் என்பார்கள் (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை). அந்தக் காய்ச்சலில் கொழுந்துக்குள் மீதைல் சாலிசிலேட் கூடுகிறது. மூட்டுவலித் தைலத்தில் இருப்பதும் அதேதான். ஜப்பான்காரர்கள் இந்த வாசனைக்காகவே ஊவாவை டார்ஜிலிங், கீமுன் பக்கத்தில் வைத்து உலகின் மூன்று பெரிய தேயிலைகளில் ஒன்று என்கிறார்கள். வேறு பலருக்கு இது மருந்து.

வைன் உலகத்தில் இப்படியொரு பெரிய சண்டையே நடந்தது. 2003இல் ஐரோப்பாவில் கடும் வெயில். அந்த வருட அறுவடையில் செய்த பிரான்ஸின் ஷாட்டோ பாவி சிவப்பு வைனை, போத்தலில் அடைக்கும் முன்பே விமர்சகர்கள் ருசித்தார்கள். அமெரிக்காவின் ராபர்ட் பார்க்கர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். இங்கிலாந்தின் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 போட்டார். இன்றுவரை அதைப் பற்றி எழுதுகிறார்கள். இரண்டு நாக்குகளுக்கு எவ்வளவு மரியாதை!

நம் தேயிலைக்கும் நாக்குதான் விலை வைக்கிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையை, வரிசையாக வைத்த கோப்பைகளில் உறிஞ்சித் துப்பி மதிப்பிடுவார்கள். அது வருடக்கணக்கில் பழக வேண்டிய தொழில். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் தராசடியில். வாசனையைக் கூட்டுகிற அதே வறட்சிதான் கொழுந்தைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் மத்தியானத்துக்குள் நிறைகிற கூடை, ஆகஸ்டில் பின்னேரம் வரைக்கும் நிறையாது. ஏலத்தில் அந்தக் கொழுந்துக்கு மவுசு. நிறுக்கிற இடத்தில் வாசனைக்கு என்ன புள்ளி? கிலோ வரவில்லையென்றால் அரைப்பேர், அவ்வளவுதான். வருடத்திலேயே நல்ல தேயிலை எடுத்த மாதங்களில்தான் என் அம்மாவுக்கு அரைப்பேர் அதிகம் விழுந்தது. சீசனில் இலக்கைக் குறைக்கிற தோட்டங்களும் இருக்கலாம். நல்லது, எல்லா இடத்திலும் குறைக்கட்டும். அதோடு நிற்கவும் கூடாது. சீசன் வாசனைக்கென்று ஏலத்தில் கூடுதலாகக் கிடைக்கும் காசில் ஒரு பங்கு கொழுந்தெடுத்தவர் கைக்கு வர வேண்டும். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே எத்தனை வருடம் கத்தினோம், இது எங்கே நடக்கும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் "ருசி அவரவர் விருப்பம்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். காற்று மாறினால் சம்பளமும் மாறுகிற வீட்டில் அது வெறும் விருப்பமில்லை.

நாங்கள் வீட்டில் குடிப்பது டஸ்ட். சீசன் தேயிலையில் அம்மாவுக்கும் ஒருநாள் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"தோள்ல பூசுறத ஏன் குடிக்கணும்?"